பித்தளைக் கூடும் விரிந்த செம்பும்



பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டது. பதிவேடுகளை முடித்துக் கொடுத்தாயிற்று. சில வாரங்களாக மனத்தை உறுத்திக்கொண்டிருக்கும் ஒரு செய்தியை இன்று எழுதிவிடலாம் என்று அமர்ந்திருக்கிறேன். இது ஒரு சிறு பித்தளைத் துண்டைப் பற்றியது. அதோடு, ஆசிரியனாகிய நான் செய்த ஒரு பிழையைப் பற்றியதும் ஆகும்.

எழுதுகோல் பெட்டிக்குள்...

அன்று வெள்ளிக்கிழமை. ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்குக் கட்டுரை எழுதும் பாடம். பின்வரிசையில் சலசலப்பு எழுந்தது. ஒரு மாணவனின் எழுதுகோல் பெட்டியைச் சுற்றி நான்கு தலைகள் குனிந்திருந்தன. அருகில் சென்று பார்த்தேன். விரல் நீளத்தில் ஒரு பித்தளைக் குழாய்; மேலெல்லாம் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. ஒரு முனை திறந்தும் மறுமுனை மூடியும் இருந்தது. மூடிய முனையில் வட்டமான விளிம்பு.

தோட்டாக்கூடு! சுட்ட பிறகு குண்டு பறந்துபோக, எஞ்சி விழும் வெற்று உறை.

என் கை நடுங்கியது. அடுத்த நொடியே குரலும் உயர்ந்துவிட்டது.

"எங்கடா திருடுன இத?"

வகுப்பிலிருந்த பதினேழு பேரும் அமைதியாகிவிட்டனர். அந்த மாணவன் வாய் திறக்கவில்லை. நான் மீண்டும் கேட்டேன். அவன் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தான். பதில் சொல்லாத பிள்ளை குற்றம் செய்த பிள்ளை என்று நமக்குள் ஒரு கணக்கு இருக்கிறதே, அந்தக் கணக்கைத்தான் நானும் போட்டேன். அவனைத் தலைமையாசிரியர் அறைக்கு அழைத்துச் சென்றேன்.

தலைமையாசிரியர் பதறாமல் காவல் நிலையத்திற்குத் தொலைபேசியில் தகவல் சொன்னார். வந்த காவலர் பொருளை ஓர் உறைக்குள் இட்டுக்கொண்டு, மாணவன் முன்னால் குனிந்து, கனிவாக இரண்டே கேள்விகள் கேட்டார். நான் கேட்டபோது வராத பதில் அவரிடம் வந்தது.

முன்பு கித்தாத் தோட்டமாக இருந்து இப்போது செம்பனைக் காடாகிவிட்ட இடத்தில் அவர்களுடைய குலதெய்வமான முனியாண்டி கோயில் இன்னும் இருக்கிறது. லயங்கள் எல்லாம் போய்விட்டன. கோயில் மட்டும் நிற்கிறது. ஆண்டுத் திருவிழாவுக்காகத் தாத்தாவோடு சேர்ந்து துப்புரவு செய்யப் போயிருக்கிறான். பந்தல்கால் நடக் குழி தோண்டியபோது மண்ணோடு வந்தது அது. அவ்வளவுதான்! "பழைய கூடு, உள்ளே ஒன்றும் இல்லை" என்று கூறிவிட்டுக் காவலர் கிளம்பினார்.

வெளியே வந்ததும் மாணவன் என்னிடம் கேட்டான்.

"சார், அது வெறும் பித்தளதானே? குண்டுதானே ஆளக் கொல்லும்? இதுல என்னா சார் இருக்கு?"

என்னிடம் பதில் இல்லை. "வகுப்புக்குப் போ" என்று மட்டும் சொன்னேன்.

தோட்டத்தில் தோட்டா

என் கை ஏன் நடுங்கியது என்பதை முதலில் கூறிவிடுகிறேன். பேராக் மாநிலத்தில் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இது விளங்கும்.

1948 ஜூன் 16ஆம் நாள், ஈப்போவுக்கு வடக்கே உள்ள சுங்கை சிப்புட் வட்டாரத்தில், இரண்டு கித்தாத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியர்கள் சுட்டுக்கொல்லப்பட்டனர். அவற்றுள் ஒன்று எல்ஃபில் தோட்டம். இரண்டு நாளில், ஜூன் 18ஆம் நாள், மலாயா முழுமைக்கும் அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டது. 1960 ஜூலை 31ஆம் நாள்தான் அது முடிவுக்கு வந்தது. பன்னிரண்டு ஆண்டுகள்!

அந்த ஆண்டுகளில் உரிமமின்றி ஆயுதமோ தோட்டாவோ வைத்திருந்தால் மரண தண்டனை. மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ்.ஏ. கணபதி, கைத்துப்பாக்கியும் தோட்டாக்களும் வைத்திருந்தார் என்ற குற்றச்சாட்டின்பேரில் 1949 மே 4ஆம் நாள் கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அச்செய்தி தோட்டத்துக்குத் தோட்டம் பரவியது. பிரட்டுக் களத்தில் பெரியவர்கள் குரல் தாழ்த்திப் பேசிக்கொண்டதாக என் பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறேன்.

என் அத்தை அப்பொழுது சிறுமி. இராணுவம் வந்துபோன பாதையில் ஒரு வெற்றுத் தோட்டாக்கூட்டைக் கண்டெடுத்திருக்கிறார். அதன் வாயில் உதட்டை வைத்து ஊதினால் அருமையான சீழ்க்கை ஒலி வரும். லயத்துக்கு முன்னால் நின்று ஊதியிருக்கிறார். வேலை முடிந்து வந்த தாத்தா அதைக் கண்டதும் பிடுங்கி, அத்தையின் கன்னத்தில் ஓர் அறை விட்டு, அந்தக் கூட்டை மலக்குழிக்குள் எறிந்துவிட்டாராம். அத்தைக்கு இப்பொழுது எண்பது வயதுக்கு மேல். இன்றும் அந்த அறையைச் சொல்லிச் சிரிப்பார். ஆனால், சிரித்து முடித்ததும் கன்னத்தைத் தடவிக்கொள்வார்.

அந்தப் பயம்தான் தாத்தாவிடமிருந்து அப்பாவுக்கும் அப்பாவிடமிருந்து எனக்கும் வந்திருக்க வேண்டும். எனினும், பயம் வந்தது என் குற்றமன்று. "திருடன்" என்றது என் குற்றம்.

வெறும் பித்தளைதானா?

மாணவனின் கேள்விக்கு விடை தேடி அந்தச் சனிக்கிழமை முழுவதும் படித்தேன். படித்தவற்றை எளிய முறையில் இங்கே தருகிறேன். அறிவியல் ஆசிரியர்களுக்குப் பயன்படலாம்.

தோட்டா என்பது நான்கு பொருள்கள் சேர்ந்தது. முன்னால் குண்டு. நடுவில் வெடிமருந்து. அடியில், தட்டினால் பொறி தரும் சிறு மூடி. இதனைக் 'கேப்பு' என்பார்கள். இம்மூன்றையும் தாங்கி நிற்பது பித்தளைக் கூடு.

விசையை இழுத்ததும் மருந்து எரிந்து வாயுவாகிறது. அந்த அழுத்தத்தில் கூடு உப்பி, துப்பாக்கியின் உள்ளறைச் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. வாயு பின்பக்கம் கசியாமல் அடைத்துக்கொள்வது அதுதான். குண்டு வெளியேறியதும் கூடு சற்றே சுருங்குகிறது. சுருங்கினால்தான் அதை வெளியே இழுக்க முடியும். ஆக, அது விரியவும் வேண்டும், மீளவும் வேண்டும், கிழிந்துவிடவும் கூடாது. தாமிரம் தனியே இருந்தால் மிகவும் மென்மையாகிவிடும். தாமிரம் 70 பங்கும் துத்தநாகம் 30 பங்கும் கலந்த பித்தளை இவ்வேலைக்குப் பொருத்தமாக அமைந்தது. உலகெங்கும் இக்கலவைக்குத் 'தோட்டாப் பித்தளை' என்றே பெயர்!

இந்த வேலையைக் கூடு சரியாகச் செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு வரலாற்றில் சான்று உண்டு. பிரிட்டிஷ் படையின் மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கிக்கு முதலில் மெல்லிய பித்தளைத் தகட்டைச் சுருட்டிச் செய்த கூடுகளையே பயன்படுத்தினர். 1884, 1885ஆம் ஆண்டுகளில் சூடான் பாலைவனப் போரில், சூட்டிலும் புழுதியிலும் அக்கூடுகள் உருக்குலைந்து அறைக்குள் சிக்கிக்கொண்டன. கையில் துப்பாக்கி இருந்தும் சுட முடியாமல் வீரர்கள் மடிந்தனர். அதன் பிறகே, ஒரே பித்தளை வில்லையை அழுத்தி இழுத்துச் செய்யும் உறுதியான கூடுகளுக்கு மாறினர்.

சரி, குறி தவறுவதற்கும் பித்தளைக்கும் என்ன தொடர்பு?

சில நாடுகளில், இலக்குச் சுடும் போட்டியாளர்கள் சுட்ட கூட்டை வீசிவிடுவதில்லை. அதைச் சீர்செய்து, புதிய கேப்பும் மருந்தும் குண்டும் இட்டு மீண்டும் பயன்படுத்துகிறார்கள். இதற்கு 'மறுநிரப்பு' என்று பெயரிடலாம். (நம் நாட்டில் 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் தோட்டா வைத்திருப்பதே குற்றம். ஆகவே, செய்முறை சொல்ல நான் வரவில்லை. உலோகத்தின் இயல்பை மட்டுமே சொல்ல வந்தேன்.) அவர்கள் கூட்டில் மூன்று செய்திகளைக் கவனிப்பார்களாம்.

முதலாவது, சுவரின் கனம். கூட்டின் சுவர் ஒருபக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் இருந்தால் குண்டு நடுக்கோட்டிலிருந்து விலகி அமரும். குழலுக்குள் நுழையும்போதே சற்றுக் கோணலாக நுழையும்.

இரண்டாவது, உள்ளே இருக்கும் இடம். வெளியளவு ஒன்றாகவே இருந்தாலும், பித்தளை அதிகமுள்ள கூட்டுக்குள் இடம் குறைவு. ஒரே அளவு மருந்தை இட்டாலும் அழுத்தம் மாறும். அழுத்தம் மாறினால் குண்டின் வேகம் மாறும். அருகில் உள்ள இலக்கில் இது தெரியாது. தொலைவிலுள்ள இலக்கில் ஒரு குண்டு மேலேயும் இன்னொன்று கீழேயும் படும். இதனால்தான் போட்டியாளர்கள் வெற்றுக் கூடுகளை ஒவ்வொன்றாக எடை போட்டுப் பிரித்து வைக்கிறார்கள்.

மூன்றாவது, கழுத்தின் பிடி. குண்டைக் கவ்விப் பிடித்திருப்பது கூட்டின் கழுத்துப் பகுதி. எல்லாக் கூடுகளும் ஒரே அளவான பிடியோடு குண்டை விடுவிக்க வேண்டும். ஒன்று இறுக்கமாகவும் ஒன்று தளர்வாகவும் இருந்தால் சுடுதலும் சீராக இராது.

குறிதவறாமைக்குப் பித்தளை மட்டுமே காரணமில்லை என்பதையும் சொல்ல வேண்டும். குழலும், குண்டும், எல்லாவற்றுக்கும் மேலாகச் சுடுபவரின் கையும் மூச்சும் முதன்மையானவை. அவையெல்லாம் நன்றாக இருந்தும் குறி சிதறும்போதுதான், கைதேர்ந்தவர்கள் கீழே விழுந்த கூட்டைக் கையில் எடுத்துப் பார்க்கிறார்கள்.

அடி வாங்கிய பித்தளை

நல்ல கூடும் நாளடைவில் கெட்டுப்போகும். ஏன்?

சுடும்போது கூடு விரிகிறது. மறுநிரப்புக்காக அச்சில் இட்டு அழுத்தும்போது சுருங்குகிறது. மீண்டும் சுட்டால் மீண்டும் விரிகிறது. உலோகத்தின் உள்ளே நுண்ணிய படிகங்கள் இருக்கின்றன. ஒவ்வோர் அழுத்தத்திலும் அவை நெளிந்து, ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டு, நகர முடியாமல் போகின்றன. வெளியே பார்த்தால் பித்தளை பளபளப்பாகவே இருக்கும். உள்ளே இறுகிக்கொண்டே போகும். இறுகிய கழுத்து அச்சுக்குப் பணியாது. அழுத்தியதும் திமிறிக்கொண்டு திரும்பும். பிடி சீராக இராது. ஒருநாள் கழுத்தில் கீறல் விழும்.

அவசரகாலத்தில் இங்கே படையினர் ஏந்தியவற்றுள் .303 லீ-என்ஃபீல்டு துப்பாக்கியும் ஒன்று. மண்ணும் சேறும் பட்டாலும் சிக்காமல் இயங்க வேண்டும் என்பதற்காக அதன் உள்ளறையைச் சற்றுத் தாராளமாகவே அமைத்திருந்தனர். போருக்கு அது நன்மை. ஆனால், கூடு அதிகமாக நீண்டுவிடும். அதே கூட்டைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினால் அடிப்பகுதிக்குச் சற்று மேலே சுவர் மெலிந்து, ஒருநாள் இரண்டாகப் பிரிந்துவிடும்.

இறுகிய கழுத்துக்கு மருந்து உண்டு. கழுத்தையும் தோளையும் மட்டும் அளவோடு சூடாக்கி ஆறவிடுவார்கள். சிக்கிக்கொண்ட படிகங்கள் புதிதாக உருவாகி, பித்தளை மீண்டும் மென்மையாகும். அடிப்பகுதியில் சூடு ஏறவே கூடாது. அழுத்தத்தைத் தாங்கும் அப்பகுதி மென்மையானால் ஆபத்து. புதிய இராணுவத் தோட்டாக்கள் சிலவற்றின் கழுத்தருகே நீலமும் பழுப்பும் கலந்த நிறம் தெரியும். அதைக் கறை என்று எண்ணிவிடக்கூடாது. காய்ச்சி ஆற்றியதன் அடையாளம் அது.

இது நம்மவர் அறியாத வித்தையும் அன்று. பித்தளைக் குடம் அடிக்கும் கன்னார்கள் அடித்துக்கொண்டே இருப்பதில்லை. சிறிது அடிப்பார்கள், காய்ச்சுவார்கள், ஆறவிடுவார்கள், மீண்டும் அடிப்பார்கள். காய்ச்சாமல் அடித்தால் குடம் பிளக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

குதிரை லாயத்தில் நடந்தது

படித்துக்கொண்டே வந்தவன் ஓரிடத்தில் அப்படியே நின்றுவிட்டேன்.

பிரிட்டிஷார் ஆண்ட இந்தியாவில், பருவமழைக் காலத்தில் படை நடவடிக்கைகள் குறையும். அப்பொழுது தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் சேமித்து வைப்பார்களாம். மழை ஓய்ந்து எடுத்துப் பார்த்தால் பல தோட்டாக்கூடுகளில் விரிசல்! யாரும் அவற்றைச் சுடவில்லை. தட்டவில்லை. கீழே போடவுமில்லை. வைத்த இடத்திலேயே இருந்தவை, தாமாகவே விரிந்திருந்தன. குண்டைக் கவ்விய கழுத்தில்தான் விரிசல் அதிகம். மழைப் பருவத்தில் நேர்ந்ததால் அதற்குப் 'பருவ விரிசல்' என்று பெயர் வந்தது.

காரணம் தெளிவாக விளங்கியது 1921ஆம் ஆண்டில்தான். மூர், பெக்கின்சேல், மல்லின்சன் என்ற மூவர் அதனை விளக்கினர். குதிரையின் சிறுநீரிலிருந்து அமோனியா ஆவி எழுகிறது. மழைக்கால ஈரத்தோடு சேர்ந்து அது பித்தளையைத் தாக்குகிறது. ஆனால், எல்லாப் பித்தளையையும் அது அப்படிப் பிளப்பதில்லை. வடிவமைக்கும்போது அழுத்தி இழுத்ததால் உள்ளே தங்கிவிட்ட இறுக்கம் எந்தக் கூட்டில் இருக்கிறதோ, அந்தக் கூடுதான் பிளக்கிறது. உள்ளே இறுக்கம், வெளியே கண்ணுக்குத் தெரியாத ஆவி. இரண்டும் சேர வேண்டும். ஏறத்தாழ 250 முதல் 300 பாகை செல்சியஸ் வரை காய்ச்சி அந்த இறுக்கத்தைத் தணித்துவிட்டால் விரிசலைத் தடுக்கலாம்.

அமோனியா! அந்தச் சொல்லைப் படித்ததும் என் மூக்கில் முப்பது ஆண்டுகளுக்கு முந்திய நெடி ஏறியது.

செம்பு

என் அப்பா தோட்டத்துப் பால் ஸ்டோரில் வேலை செய்தார். காலையில் வெட்டிய கித்தாப் பால் மங்குகளிலிருந்து காண்டா வாளிக்கும், அங்கிருந்து ஸ்டோர்த் தொட்டிக்கும் வந்துசேரும். நீர்மமாகவே ஆலைக்கு அனுப்ப வேண்டிய பால் உறைந்துவிடாமல் இருக்க அதில் அமோனியா கலப்பார்கள். ஸ்டோருக்குள் நுழைந்தாலே கண் எரியும். அப்பாவின் சட்டையிலும் அந்த நெடி வீசும். பால் மரக் காட்டில் வளர்ந்தவர்கள் இதை மறந்திருக்க மாட்டார்கள்.

அப்பா குடிநீர் கொண்டுபோக ஒரு பித்தளைச் செம்பு வைத்திருந்தார். பாட்டி தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்தபோது கொண்டு வந்தது. அடித்துச் செய்த செம்பு. ஆண்டுக்கணக்கில் அது ஸ்டோர்ப் பலகையின் மேலேயே கிடந்தது. திருவிழா நாள்களில் மட்டும் வீட்டுக்கு வரும். அம்மா புளியிட்டுத் துலக்குவார்.

எனக்கு அப்பொழுது பத்து வயது. ஒரு தீபாவளிக்கு முந்திய நாள், செம்பைத் துலக்கும் வேலை எனக்கு வந்தது. துலக்கி, வாசல் திண்ணையில் கவிழ்த்து வைத்தேன். மாலையில் அப்பா அதில் நீர் ஊற்றினார். விளிம்பிலிருந்து கீழ்நோக்கி மயிரிழை போல இரண்டு கோடுகள். அவற்றின் வழியே நீர் கசிந்தது.

"செம்ப எங்கடா போட்ட?"

"போடலப்பா."

"பொய் சொல்லாத."

போடவில்லை என்று சொல்லச் சொல்ல அடி கூடியது. அடித்தது செம்புக்காக அன்று, பொய்க்காக என்றார். நான் பொய் சொல்லவில்லை. ஆனால், செம்பு விரிந்திருப்பதும் உண்மை. கடைசியாகத் தொட்டது நான் என்பதும் உண்மை. ஒரு கட்டத்தில் எனக்கே ஐயம் வந்துவிட்டது, கை தவறிப் போட்டுவிட்டோமோ என்று. "போட்டுட்டேம்பா" என்று சொல்லிவிட்டேன். அடி நின்றது.

செய்யாத குற்றத்தை ஒப்புக்கொண்ட பிறகுதான் நான் பொய்யன் ஆனேன். அந்தத் தீபாவளிக்குப் புதுச்சட்டை போட்டது நினைவில் இல்லை. இது மட்டும் நினைவில் இருக்கிறது.

அப்பா சொன்னது

அப்பா இப்பொழுது எங்களோடு ஈப்போவில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலை, தேநீர் குடித்துக்கொண்டிருந்தவரிடம் குதிரை லாயத்துச் செய்தியைச் சொன்னேன். குற்றம் சாட்டும் எண்ணத்தோடு சொல்லவில்லை. வியப்பான செய்தி என்ற முறையில்தான் சொன்னேன். அமோனியா, பித்தளை, விரிசல் என்று சொல்லி முடித்தேன். செம்பைப் பற்றி வாயே திறக்கவில்லை.

அப்பா கோப்பையைக் கீழே வைத்தார்.

"தெரியும்பா" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"அந்தத் தீவாளி கழிஞ்சி ரெண்டு வாரம் இருக்கும். ஸ்டோர்ல பித்தளக் குழா ஒன்னு அதே மாதிரி வெடிச்சிருந்துச்சு. பழுது பாக்க வந்தவன் சொன்னான், அமோனியா பித்தளைய தின்னுரும், இங்க பித்தளையே வெக்கக் கூடாதுன்னு. அப்பவே செம்பு நெனப்பு வந்துச்சு."

"ஏம்பா சொல்லல?"

"சொல்லணும்னுதான் நெனச்சேன். நீ பள்ளிக்கூடம் போயிட்டு வந்த, வெளாடப் போயிட்ட... அப்புறம் அப்படியே விட்டுப்போச்சு."

இதைச் சொல்லிவிட்டு அவர் எழுந்து வாசல் பக்கம் போய்விட்டார். பின்னால் போய்ப் பேச எனக்கும் தோன்றவில்லை. முப்பது ஆண்டுகளாக அதை அவர் தமக்குள்ளேயே வைத்திருந்திருக்கிறார் என்பதை நினைக்க நினைக்க, அடி வாங்கிய எனக்கே வருத்தமாக இருந்தது. அவர் நல்லவர். எங்களைப் படிக்க வைக்க ஓய்வு நாளிலும் ஒட்டுப்பால் பொறுக்கியவர். ஆனாலும், பெற்ற பிள்ளையிடம் "நான் தவறாக அடித்துவிட்டேன்" என்று சொல்லும் வழக்கம் அன்றைய தோட்டத்தில் எந்தத் தகப்பனுக்கும் இருந்ததில்லை. தாத்தா அத்தையிடம் சொல்லியிருப்பாரா என்ன?

அன்று இரவு உறக்கம் வரவில்லை. நாளை ஒருநாள் விட்டால் அதுவும் "விட்டுப்போச்சு" ஆகிவிடும் என்று தோன்றியது.

திங்கட்கிழமை

திங்கட்கிழமை சபைகூடல் முடிந்து வகுப்புக்குள் நுழைந்ததும், பாடத்தைத் தொடங்கும் முன்னர் அந்த மாணவனை எழுந்து நிற்கச் சொல்லவில்லை. நிற்கச் சொன்னால் மீண்டும் பயப்படுவான். நான்தான் நின்றேன்.

"வெள்ளிக்கிழமை இவனை நான் திருடன் என்று கேட்டேன். இவன் திருடவில்லை. கோயில் நிலத்தில் கிடைத்ததை எடுத்தான். கேட்காமலேயே நான் முடிவு செய்துவிட்டேன். அது என் தவறு. உங்கள் எல்லார் முன்னாலும் சொன்னதால், உங்கள் எல்லார் முன்னாலுமே மன்னிப்புக் கேட்கிறேன்."

வகுப்பு சிறிது நேரம் என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தது. அவன் தலைகுனிந்து, காதெல்லாம் சிவந்து, மெல்லச் சிரித்தான். பிறகு கை தூக்கினான்.

"சார், அப்ப அந்தப் பித்தளையப் பத்தி சொல்லுங்க சார்."

அன்றைய தமிழ்ப் பாடம் அறிவியல் பாடமாகிவிட்டது. மறுநிரப்பைப் பற்றி நான் சொல்லவில்லை. பிள்ளைகளுக்கு அது தேவையில்லை. ஒரு செப்புக் கம்பியை வளைத்து நிமிர்த்தி, வளைத்து நிமிர்த்தி, அது இறுகி முறிவதைக் காட்டினேன். குதிரை லாயத்துக் கதையைச் சொன்னேன். இதுபோன்ற பொருள் எங்கே கிடந்தாலும், வெற்றுக்கூடாகவே தெரிந்தாலும், கையால் எடுக்காமல் பெரியவர்களிடமோ காவல் நிலையத்திலோ சொல்ல வேண்டும் என்று அறிவுறுத்தினேன். இறுதியில் "தோட்டாவுக்கும் தோட்டத்துக்கும் என்ன உறவு சார்?" என்று ஒரு மாணவி கேட்டாள். ஓசையில்தான் உறவு, பொருளில் இல்லை என்றேன். சொன்ன பிறகுதான், பேராக்கில் பொருளிலும் உறவு இருந்த காலம் ஒன்று உண்டே என்று எண்ணிக்கொண்டேன்.

என் வேண்டுகோள்

ஆசிரியர்களே, பெற்றோர்களே, பிள்ளையும் பித்தளையும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. போட்டியாளர் எடை மாறிய கூட்டை ஒதுக்கிவிடலாம். நாம் ஒரு பிள்ளையையும் அப்படி ஒதுக்க முடியாது. ஒப்புமை அந்த அளவில் நின்றுவிடுகிறது.

ஆனால், ஒன்றை மட்டும் அவர்களிடமிருந்து கற்றுக்கொண்டேன். குறி தவறியதும் அவர்கள் துப்பாக்கியைத் திட்டுவதில்லை. கீழே கிடக்கும் கூட்டை எடுத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, கீறல் எங்கே தொடங்கியிருக்கிறது என்று தேடுகிறார்கள். நாமோ விரிசலைக் கண்டதும் "யார் போட்டது?" என்றுதான் கேட்கிறோம். கடைசியாகத் தொட்டவன் அகப்பட்டுக்கொள்கிறான்.

வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளை, பதில் சொல்லாத பிள்ளை, சட்டென்று கைநீட்டி அடித்துவிடும் பிள்ளை... இவர்களிடம் முதல் கேள்வியை "ஏன்டா செய்தாய்?" என்று தொடங்காமல், "என்ன நடந்தது, சொல்" என்று தொடங்கிப் பாருங்கள். இரண்டுக்கும் இடையே சில சொற்கள்தான் வேறுபாடு. அந்தக் காவலர் அப்படித்தான் கேட்டார். பதில் கிடைத்தது.

ஒருவேளை நாம் தவறாகக் கண்டித்துவிட்டோம் என்று தெரிந்தால், அன்றே சொல்லிவிடுங்கள். அல்லது மறுநாளாவது சொல்லிவிடுங்கள். பிள்ளை விளையாடப் போய்விட்டான், மறந்திருப்பான் என்று விட்டுவிடாதீர்கள். அவன் மறக்கமாட்டான். நாமும்தான்.

செம்பு என்னவாயிற்று என்று கேட்கிறீர்களா? வீட்டில்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மாலை, அப்பா அதைப் பரணிலிருந்து இறக்கித் தரச் சொன்னார். இறக்கித் தந்தேன். விரிசலை விரலால் தடவிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. பிறகு புளி கேட்டு வாங்கி, வாசல் படியில் உட்கார்ந்து அவரே துலக்கத் தொடங்கினார். இப்பொழுது அதில் அம்மா துளசிக்கன்று வைத்திருக்கிறார். நீர் ஊற்றினால் கசியத்தான் செய்கிறது. செடிக்கு அது நல்லதுதானாம்.

உங்கள் வகுப்பிலும் வீட்டிலும் இதுபோன்ற நிகழ்வுகள் இருந்திருக்கும். நேரம் கிடைக்கும்போது எழுதுங்கள். படிக்கக் காத்திருக்கிறேன்.